ஞ்சு, ச்சு

ஃபுஜைரா நீதிமன்றம், இரண்டாம் மாடி.
ஏசிக் காற்று நேரே என் பிடரியில்.
அரபுக்கும் தமிழுக்கும் நடுவே
மணிக்கு இத்தனை திர்ஹம் என்று நிற்கிறேன்.

குற்றப்பத்திரிகை நான்கு பக்கம்.
இரவு இரண்டு நாற்பது.
கோர்ஃபக்கானுக்குக் கிழக்கே ஏழு மைல்.
கிளிங்கர் ஏற்றிய கப்பல்.
விளக்கெரிய வலை இழுத்துக்கொண்டிருந்த படகு.
ஷொஹிதுல், ரஃபீக், கடியபட்டினத்து பெர்க்மான்ஸ்.
மூன்றாவது பெயரை எழுத்தர்
பர்கமான் என்று எழுதியிருந்தார்.
திருத்தச் சொன்னேன்.
அது உன் வேலையில்லை என்றார்.

கூண்டில் கேப்டன் ஹைசம், தர்தூஸ்காரர்.
முப்பத்தொரு வருடக் கடல்.
சட்டையில் இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை.
கண்ணயர்ந்துவிட்டேன், மனிதன்தானே என்கிறார்
நான்கு விசாரணைகளாக.

தூக்கத்தின் மீது வழக்கில்லை என்கிறார் அரசு வக்கீல்.
தூங்கினால் எழுப்பவென்று
பாலத்தில் ஒரு மணி வைத்திருக்கிறார்களே.
பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானைத் தொடாவிட்டால்
கப்பல் முழுக்க அலறுமே.
அது ஏன் அன்று அலறவில்லை?

தெரியாமல் செய்வதற்கு ஒரு சொல்,
தெரிந்தே துணிவதற்கு இன்னொரு சொல்.
இரண்டையும் மேசையில் வைத்து எடைபார்க்கிறார்கள்.
கவனக்குறைவு, அசட்டை, மெத்தனம்
என்று மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன்.
இரண்டாவதற்கு எங்கள் தெருவில்
ஒரு வாக்கியமே இருக்கிறது:
'என்னத்த ஆயிரப் போவுது.'

சாட்சி இன்னாசி மச்சாது, தூத்துக்குடி.
அன்று காவலுக்கு நிற்க வேண்டியவன்.
பெயிண்ட் சுரண்டக் கீழே அனுப்பப்பட்டவன்.
மணியைப் பற்றிக் கேட்டதும்
தரையைப் பார்த்துச் சொன்னான்:
"அது அணை…சு கெடந்துச்சு சார்."

நடுவே ஓர் எழுத்து எனக்கு விழவில்லை.
அணைஞ்சு என்றால் மிஷினின் பிழை.
அணைச்சு என்றால் ஒரு கை இருக்கிறது.
யாருடையது என்று தமிழ் கேட்காது.
தமிழில் ஆளில்லாமலே ஒரு வாக்கியம் ஓடும்,
நேர்க்கோட்டில், முழு வேகத்தில்,
அந்தக் கப்பல் அன்று ஓடியதைப் போல.
அரபி விடாது. ஆளைக் கேட்கும்.
நீதிபதியின் பேனா காத்திருந்தது.

திரும்பச் சொல்லு தம்பி என்றேன்.
அவன் கேப்டனைப் பார்த்தான்.
கேப்டன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அணைச்சு.
நாந்தான் சார் அணைச்சேன்.
சாவி அவருகிட்டதான் இருக்கும், அவருதான் தந்தாரு.
தலை வலிக்கி, போயி நிறுத்துன்னாரு.
அன்னைக்கி மட்டுமில்ல. ஏடன் விட்டதுல இருந்து
டெய்லி ராத்திரி."

டெய்லி ராத்திரி.
அந்த இரண்டு சொல்லை அரபியில் சொன்னபோது
கேப்டனின் வக்கீல் பேனாவை மூடினார்.

அப்போதுதான் கேப்டன் எழுந்தார், யாரும் கேட்காமல்:
"அந்த மணி மண்டையைப் பிளக்கும்.
உங்களில் ஒருவர் வந்து
ஒரே ஒரு இரவு கேட்டுப் பாருங்கள்."
எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

சட்டப்படி இன்னாசிக்குத் தமிழில் சொன்னேன்.
அவன் தலையாட்டினான்.
"ஆமா சார். தாங்க முடியாதுதான்."
அதை நான் அரபியில் சொல்லியாக வேண்டும்.
சொன்னேன்.

தீர்ப்பு பெருநாள் கழித்து.

மசாஃபி தாண்டி மலைச்சாலை, காலியாக.
நூற்றிருபதைத் தாண்டினால்
டிங் டிங் என்று நச்சரிக்கும் கார் இது.
போன வருடம் ஷார்ஜா பட்டறையில்
முப்பது திர்ஹம் கொடுத்து
வயரைப் பிடுங்கச் சொன்னேன்.
பின்சீட்டிலிருந்து மகள் ஒருநாள் கேட்டாள்,
ஏம்பா இப்பல்லாம் சத்தம் வரல?
அணைஞ்சு கெடக்கும்மா என்றேன்.

முள் நூற்று நாற்பத்தொன்றில்.